அவுட்போர்டு எஞ்சினுக்கு மாற்றுப் புரொப்பல்லர் தேர்ந்தெடுப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி படகுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் கரையிலிருந்து அலைக்குள் தள்ளி இறக்கும் ஃபைபர் படகானாலும், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து முகத்துவாரத்தைக் கடந்து போகும் படகானாலும், படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் முதலில் அடிபடுவது, சுழன்று படகைத் தள்ளும் புரொப்பல்லர்தான். மணல்திட்டில் உரசும், அறுந்த வலை சுற்றிக்கொள்ளும், மழைக்காலத்தில் கெடிலமும் பெண்ணையாறும் அடித்துக்கொண்டு வரும் கட்டைகள் மோதும். மாற்ற வேண்டிய நிலை வரும்போது பலர் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், இதே போல ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவருகிறார்கள். பழையது அந்தப் படகுக்குப் பொருத்தமானதாக இருந்திருந்தால் அதில் தவறே இல்லை. ஆனால் எஞ்சினோடு பெட்டியில் வரும் புரொப்பல்லர் எல்லாப் படகுக்கும் ஓரளவு ஒத்துப்போகட்டும் என்று வைக்கப்படும் நடுத்தர அளவுதான். நான்கு பேர், ஐஸ் பெட்டி, நனைந்த வலை, எரிபொருள் கேன் என்று நம் படகு சுமக்கும் பாரம் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அளவுகோலைத்தான் பின்பற்றுகிறது. உங்கள் வழக்கமான சுமையோடு, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிய நிலையில், தயாரிப்பாளர் குறித்துள்ள சுழற்சி எல்லைக்குள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றலாம் என்ற எல்லைக்குள்) எஞ்சினை ஓடவிடுகிற புரொப்பல்லரே சரியானது. பக்கத்துப் படகில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்பதும், கடைக்காரர் கையில் என்ன இருப்பு இருக்கிறது என்பதும் அதற்குப் பிறகுதான். இது அவுட்போர்டு எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும்; நீளமான தண்டோடு ஓடும் டீசல் எஞ்சின்களுக்கு அளவும் கணக்கும் வேறு.

முதலில்: கோளாறு புரொப்பல்லரில்தானா?

படகு வேகம் குறைந்துவிட்டது என்றதும் புரொப்பல்லரைக் குறை சொல்வதற்கு முன், படகின் அடிப்பகுதியைப் பாருங்கள். பாசியும் கொட்டலசும் படிந்த அடிப்பகுதி நல்ல எஞ்சினையும் திணறவைக்கும். எரிபொருள் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருந்தாலோ, ஸ்பார்க் பிளக் கரி பிடித்திருந்தாலோ, ஃபைபருக்குள் தண்ணீர் ஊறிப் படகே கனத்திருந்தாலோ அறிகுறி ஒன்றுபோலவே தெரியும். இவற்றைச் சரிசெய்யாமல் புதிய புரொப்பல்லர் வாங்கினால், கோளாறுக்கு ஏற்ற அளவை வாங்கிவிடுவீர்கள். பிறகு அந்தக் கோளாறு தீர்ந்த அன்றே அளவு தவறாகிவிடும்.

அடுத்து இறக்கைகளைக் கவனியுங்கள். நுனி தேய்ந்து வட்டமாகிவிட்டதா, ஓரத்தில் பற்கள் விழுந்திருக்கின்றனவா, ஓர் இறக்கை மட்டும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இறக்கை வளைந்தாலே சமநிலை கெடும். அந்த அதிர்வு தண்டின் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும். அலுமினிய இறக்கையில் சிறு பல் விழுந்திருந்தால் அரத்தால் மெல்லத் தேய்த்துச் சீராக்கலாம். மடங்கிய இறக்கையைச் சூடேற்றிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது வேறு கதை. வடிவம் ஏறத்தாழத் திரும்பினாலும் இறக்கையின் திருகு கோணம் பழையபடி வராது, சூடு பட்ட இடத்தில் உலோகமும் பலம் இழக்கும். அப்படிச் சரிசெய்ததை அவசரத்துக்கு உதவும் உபரியாகப் படகில் வைத்துக்கொள்வதே நல்லது. நாள்தோறும் அதை நம்பித் தொழிலுக்குப் போக வேண்டாம்.

பலர் தவறவிடும் இடம் ரப்பர் புஷ். இறக்கைகள் உள்ள வெளி உருளைக்கும், தண்டில் ஏறும் உள் உருளைக்கும் இடையில் இறுக்கி அழுத்தப்பட்ட ரப்பர் இருக்கிறது. எதிலாவது மோதும்போது அது சற்றே வழுக்கிக் கொடுத்து கியரைக் காப்பாற்றும். பழையதாகிவிட்டால் மோதாமலேயே வழுக்கத் தொடங்கும். மெதுவாகப் போகும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். விசையைக் கூட்டியதும் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், படகு நகராது. உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. புரொப்பல்லரைக் கழற்றி, பின்புறத்தில் உள் உருளையிலிருந்து ரப்பரின் மேல் வெளி உருளை வரை மையத்திலிருந்து நேராக ஒரு கோட்டைப் பெயின்ட்டால் போட்டு, காய்ந்ததும் மாட்டி, முழு விசையில் ஓட்டித் திரும்பி வந்து பாருங்கள். கோடு முறிந்து இரண்டு துண்டாக விலகி நின்றால் புஷ் போய்விட்டது. இறக்கைகள் நன்றாக இருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மிகச் சிறிய எஞ்சின்கள் சிலவற்றில் புஷ்ஷுக்குப் பதிலாக மோதலில் உடைந்துபோகும் ஒரு சிறு பின் இருக்கும். அந்தப் பின்னின் இடத்தில் ஆணியோ கம்பியோ சொருகக் கூடாது. அது உடையாவிட்டால் கியர் உடையும்.

பழைய புரொப்பல்லரில் எழுதியிருப்பது என்ன?

உருளையின் பக்கத்திலோ இறக்கையின் அடியிலோ 9¼ × 9 என்பதுபோல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச், இரண்டும் அங்குலத்தில். விட்டம் என்பது இறக்கை நுனிகள் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு. பிட்ச் என்பது ஒரு முழுச் சுற்றில் புரொப்பல்லர் கோட்பாட்டளவில் முன்னேறும் தூரம். மரத்தில் இறங்கும் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு உள்ளே போகும் என்பதைப் போன்றது. யமஹா புரொப்பல்லர்களில் அளவுக்குப் பின்னால் ஜே, கே, ஜி போன்ற எழுத்தும் இருக்கும். அது எந்த கியர்பாக்ஸ் வரிசைக்கு உரியது என்பதைக் காட்டுவதால், அந்த எழுத்தையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்பும் மணலும் எண்களை அழித்துவிட்டிருந்தால் அளந்து பார்க்க வேண்டியதுதான். விட்டத்துக்குத் தண்டின் மையத்திலிருந்து தேயாத ஓர் இறக்கையின் நுனி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். பிட்ச் அளக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். புரொப்பல்லரைச் சமமான மேசைமேல், தண்டின் துளை மேல் நோக்கி இருக்குமாறு நிமிர்த்தி வையுங்கள். மையத்திலிருந்து நுனி வரையிலான தூரத்தில் பத்தில் ஏழு பங்கு வரும் இடத்தில், இறக்கையின் இரு ஓரங்களிலும் சாக்கட்டியால் புள்ளி வையுங்கள். மேசையிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உயரம் என்று அளந்து வித்தியாசத்தை எடுங்கள். பிறகு மேலிருந்து நேராகப் பார்த்து, அந்த இரு புள்ளிகளும் மையத்தில் எத்தனை டிகிரி கோணத்தை அடைக்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகளின் கோணமானியால் பாருங்கள். உயர வித்தியாசத்தை 360-ஆல் பெருக்கி அந்தக் கோணத்தால் வகுத்தால் வருவது பிட்ச். உயர வித்தியாசம் 1½ அங்குலம், கோணம் 60 டிகிரி என்றால் பிட்ச் 9 அங்குலம். எல்லா இறக்கைகளையும் இப்படி அளந்தால், எது வளைந்திருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

சுழற்சியை அளப்பதே வேலையின் பாதி

எஞ்சினோடு வந்த கையேட்டில் முழு விசையில் இருக்க வேண்டிய சுழற்சி எல்லை அச்சிடப்பட்டிருக்கும். பல இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அது நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 வரை; பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு 5,000 முதல் 6,000 வரை. உங்கள் மாடலுக்கு உரிய எண்ணை மட்டும் நம்புங்கள். ஒரே குதிரைத்திறனுள்ள இரண்டு எஞ்சின்களுக்குக்கூட எல்லை மாறும்.

கையால் திருப்பி ஓட்டும் சிறிய எஞ்சின்களில் சுழற்சி காட்டும் மீட்டர் பொதுவாக இருப்பதில்லை. காது பழகிவிட்டது, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. முந்நூறு சுழற்சி வித்தியாசத்தைக் காதால் நம்பகமாகப் பிரித்தறிவது கடினம், இங்கே முடிவைத் தீர்மானிப்பதோ அந்த முந்நூறுதான். ஸ்பார்க் பிளக் வயரைச் சுற்றிக் கட்டினால் சுழற்சியைக் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர்கள் கிடைக்கின்றன. எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்று அதில் சரியாக அமைக்க வேண்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது காட்டும் எண்ணைக் கையேட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சரிபாதியாகவோ இரு மடங்காகவோ காட்டினால் அமைப்பு தவறு.

சோதனையை முகத்துவாரத்துக்கு உள்ளே செய்யாதீர்கள். அரியாங்குப்பம் ஆற்றிலும் உப்பனாற்றிலும் ஆழம் குறைவு, படகுப் போக்குவரத்தும் உண்டு. ஆழமற்ற நீரில் படகு இழுபடுவதால் அளவும் பொய்யாகும். அலை உடையும் இடத்தைத் தாண்டி, கடற்காற்று எழுவதற்கு முன்னான காலை வேளையில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள். ஒரு நிமிடம் போல முழு விசையில் நேராக ஓடவிட்டு, எண் நிலைத்து நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். வேகத்தையும் எழுதுங்கள். நம் கரையோரம் நீரோட்டம் பருவத்துக்குத் தக்கபடி வடக்காகவோ தெற்காகவோ ஓடுவதால், வடக்கே ஒரு முறையும் தெற்கே ஒரு முறையும் ஓடி வேகத்தின் சராசரியை எடுக்க வேண்டும்.

எந்தச் சுமையோடு சோதிப்பது என்பதில்தான் மீன்பிடிப் படகுக்கும் உல்லாசப் படகுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. நோணாங்குப்பத்தில் பயணிகளை ஏற்றும் படகின் சுமை நாள் முழுவதும் பெரிதாக மாறாது. மீன்பிடிப் படகு இலகுவாகப் போய்ப் பாரத்தோடு திரும்பும். மீன்பாடு இல்லாத நாளில் இலகுவாகவே திரும்பும். ஆகையால் இரண்டு முறை அளக்க வேண்டும். முழுப் பாரத்தில் சுழற்சி எல்லையின் கீழ்க்கோட்டையாவது தொட வேண்டும். வெறும் படகில் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டையும் ஒரே புரொப்பல்லர் நிறைவேற்றாவிட்டால், பாரத்தோடு ஓடும் நிலைக்கே முன்னுரிமை கொடுத்து, படகு காலியாக இருக்கும்போது ஆக்சிலேட்டரைக் கையால் அடக்கி ஓட்டுங்கள். அதிகச் சுழற்சியை ஓட்டுபவர் குறைத்துக்கொள்ள முடியும். பாரத்தில் திணறும் எஞ்சினுக்கு அப்படியொரு வழி இல்லை.

அந்தத் திணறலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழு விசையில் எல்லைக்குக் கீழேயே ஓடும் எஞ்சினில் பிஸ்டன் தலை அளவுக்கு மீறிச் சூடேறும், கரி படியும், எரிபொருளும் வீணாகும். மெதுவாகத்தானே ஓடுகிறது, எஞ்சினுக்கு நல்லதுதான் என்ற எண்ணம் கரையில் பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. எல்லைக்கு மேலே ஓடினாலும் பேரிங்கும் கனெக்டிங் ராடும் தேயும். இரண்டில், அறிகுறி காட்டாமல் நெடுநாள் நடப்பதால் திணறலையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

எண்ணிலிருந்து அளவுக்கு

பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை ஏறும். ஓர் அங்குலம் கூட்டினால் அதே அளவு இறங்கும். 11 அங்குலப் பிட்ச் உள்ள புரொப்பல்லரோடு, முழுப் பாரத்தில் 4,300 கிடைக்கிறது, கையேட்டு எல்லை 4,500 முதல் 5,500 வரை என்று வைத்துக்கொள்வோம். 9 அங்குலத்துக்கு இறங்கினால் 300 முதல் 400 வரை கூடி, 4,600 அல்லது 4,700 கிடைக்கும். வெறும் படகில் அதே புரொப்பல்லர் 5,500-ஐத் தாண்டவில்லை என்றால் அதுதான் உங்கள் அளவு.

விட்டத்தை இந்த அளவுக்கு ஆராய வேண்டியதில்லை. அவுட்போர்டில் புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு இடத்தைக் கட்டுப்படுத்துவதால் தேர்வு குறைவு. தயாரிப்பாளரே பிட்ச் குறையும்போது விட்டத்தைச் சற்றுக் கூட்டி வைத்திருப்பார். பாரப் படகுக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் சிறிதாகவும் உள்ளதே பொருந்தும். சில புரொப்பல்லர்களில் இறக்கையின் பின் ஓரம் மெல்ல உள்நோக்கி வளைத்து விடப்பட்டிருக்கும். அது தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பிட்ச் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ கூடியதுபோல எஞ்சினுக்குப் பாரம் கொடுக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தையும் சரிபார்த்துவிட்டால் நல்லது. சுழற்சியைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தை (புரொப்பல்லர் ஒரு முறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை) 1,215-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், நழுவல் இல்லாத வேகம், அதாவது புரொப்பல்லர் நீரில் சிறிதும் வழுக்காவிட்டால் கிடைக்கும் வேகம், நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். சுழற்சி 5,000, பிட்ச் 9, கியர் விகிதம் 2.08 என்றால் 17.8 நாட். ஜி.பி.எஸ். 11 நாட் காட்டினால் நழுவல் ஏறத்தாழ 38 விழுக்காடு. நீரின்மேல் எழும்பி ஓடும் இலகுவான படகில் 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கலாம். பாரத்தோடு நீரைக் கிழித்துப் போகும் நம் படகுகளில் அதைவிட மிகக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆகவே அடுத்தவர் படகோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். உங்கள் படகின் எண்ணை நோட்டில் எழுதி வைத்து, அது திடீரென்று கூடினால் இறக்கையையும் புஷ்ஷையும் படகின் அடியையும் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் அளவுக்குத் திறன் தராது என்பதால், எரிபொருளோ எஞ்சினோ மாறினால் பழைய புரொப்பல்லர் அளவை அப்படியே கொண்டுபோகாமல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மூன்று இறக்கையா நான்கா, அலுமினியமா ஸ்டீலா

பெரும்பாலான படகுகளுக்கு மூன்று இறக்கை போதும். நான்காவது இறக்கை தண்ணீரைப் பிடிக்கும் வலுவைக் கூட்டும், அதிர்வைக் குறைக்கும், உச்ச வேகத்தில் சிறிது எடுத்துக்கொள்ளும். கரையிலிருந்து அலையைக் கடந்து போகும்போது, படகின் பின்பக்கம் தூக்கியடித்துப் புரொப்பல்லர் காற்றை இழுத்துச் சும்மா சுழலும் தொல்லை உள்ளவர்களுக்கு நான்கு இறக்கை உண்மையான உதவி. அலை உடையும் இடத்தில் ஒரு கணம் இழுவை போனால் படகு குறுக்கே திரும்பிவிடும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைத்து எடுங்கள்.

உலோக விஷயத்தில் என் கருத்து தெளிவானது. மணலில் ஏறி இறங்கும் படகுக்கும், முகத்துவாரத்தில் மணல் அடைபட்டிருக்கும் காலத்தில் போய்வரும் படகுக்கும் அலுமினியமே ஏற்றது. மோதும்போது அலுமினிய இறக்கை வளைந்தோ உடைந்தோ அடியைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இறக்கை மெல்லியது, வளையாதது, வேகத்துக்கு நல்லது, நெடுநாள் வரும். ஆனால் அது தாங்காத அடி கியருக்கும் தண்டுக்கும் போய்ச் சேரும், அந்தச் செலவு பல புரொப்பல்லர்களின் விலையாக இருக்கும். ஆழமான துறையிலேயே கட்டி, ஆழத்திலேயே ஓடும் பெரிய எஞ்சின்களுக்கு ஸ்டீல் தகும். உப்புநீரில் ஸ்டீல் மாட்டினால் கியர்பாக்ஸ் அலுமினியத்தின் அரிப்பு கூடும் என்பதால், அலுமினியத்துக்குப் பதிலாகத் தானே அரிபடுவதற்காக எஞ்சினில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியை அடிக்கடி பார்த்து மாற்றுங்கள். அதன்மேல் ஒருபோதும் பெயின்ட் அடிக்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

எஞ்சின் மாடல் எண்ணையும் பழைய புரொப்பல்லரையும் கையோடு கொண்டுபோங்கள். தண்டில் ஏறும் துளைக்குள் உள்ள ஸ்பிளைன் பற்களை இரண்டிலும் எண்ணிப் பாருங்கள். எஞ்சின் புகை உருளையின் வழியாக வெளியேறும் வகையா என்பதைக் கவனியுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றுவதே வழக்கம். இரட்டை எஞ்சின் படகுகளில் ஒன்று இடஞ்சுழியாக இருக்கலாம். போலிகளைப் பிரித்தறிய, மூன்று இறக்கைகளின் ஓரங்களையும் விரலால் தடவித் தடிமன் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பில் சிறு குழிகள் தெரிந்தாலும், ஒரு கம்பியில் கோத்துச் சுழற்றும்போது ஒரே இறக்கை எப்போதும் கீழே வந்து நின்றாலும் வாங்காதீர்கள்.

மாட்டும் முறை

எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அவசர நிறுத்தக் கிளிப்பை உருவி, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிடுங்கள். நட் கழலாமல் பூட்டும் பின்னைக் கழற்றி, இறக்கைக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நட்டைத் திறவுங்கள். கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு திறப்பது விரலுக்கு ஆபத்து. புரொப்பல்லரை உருவியதும் தண்டின் அடியில் நன்றாக உற்றுப் பாருங்கள். அறுந்த நைலான் நரம்பு அங்கே இறுகச் சுற்றியிருக்கும். பார்வைக்குக் கருப்பு வளையம் போலவே தெரியும். அது ஆயில் சீலை அறுத்து, கடல்நீரை கியருக்குள் விடும். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் நீர் ஏற்கெனவே புகுந்துவிட்டது என்று பொருள். ஆயில் சீலை மாற்றாமல் கடலுக்குப் போக வேண்டாம்.

தண்டைத் துடைத்து மெரைன் கிரீஸ் முழுவதும் பூசுங்கள். பூசாமல் மாட்டினால் உப்பு இறுகி, அடுத்த முறை கழற்றவே முடியாது. முன்பக்க வாஷர், புரொப்பல்லர், பின்பக்க வாஷர், நட் என்ற வரிசையும் வாஷர்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதும் மாறக் கூடாது. கழற்றும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, பின் நுழையும் துளை நேராக வரவில்லை என்றால் தளர்த்தாமல் இன்னும் சற்று இறுக்கிப் புதிய ஸ்டெயின்லெஸ் பின்னைப் போடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் நட்டை ஒரு முறை சோதியுங்கள்.

மறுபடியும் கடலில்

புதியதை மாட்டியபின் அதே சோதனையை அதே சுமைகளில் திரும்பச் செய்யுங்கள். எண் எல்லைக்குள் வந்தும் திரும்பும்போதெல்லாம் எஞ்சின் சட்டென்று சீறினால், புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டு மிக மேலே இருந்தால் காற்று இழுக்கும், மிகக் கீழே இருந்தால் தேவையில்லாத இழுவை. எஞ்சின் மாட்டும் பலகையின் உயரம் குறுந்தண்டுக்கு 15 அங்குலம், நெடுந்தண்டுக்கு 20 அங்குலம் என்பது வழக்கமான அளவு. பலகையும் தண்டும் பொருந்தாத படகில் எந்தப் புரொப்பல்லரும் நன்றாக வேலை செய்யாது, அங்கே முதலில் பலகையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எண் சரியாக அமைந்தபின் பழைய புரொப்பல்லர் ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் எறிந்துவிடாமல், ஒரு நட், இரண்டு பின்கள், பொருந்தும் ஸ்பேனர், இடுக்கி, மரக்கட்டை ஆகியவற்றோடு ஒரு பையில் கட்டிப் படகிலேயே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகள் பெருகி வரும் நாட்களில் அந்தப் பை இல்லாமல் கரையை விட்டுப் போகாதீர்கள்.